ஓய்மானாட்டு நீர்நிலைகளும் தூண்டில் வேட்டமும்

தோற்றுவாய்

கடல்மேற் சென்று மீன் வேட்டம் புரிந்த பரதவர், நுளையர், திமிலர் ஆகியோர்தம் வாழ்வைப் பற்றித் தமிழறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். உள்நாட்டு ஏரிக்கரையில் ஒரு கழியும் ஒரு கயிறும் ஒரு முள்ளும் கொண்டு ஓய்வாக அமர்ந்து மீன் பிடிப்போரைப் பற்றி அத்துணை ஆராய்ச்சி எழவில்லை. பொழுதுபோக்காகத் தூண்டில் இடுதல் ஆங்கிலேயர் கொணர்ந்த வழக்கம் என்பது கற்றோரிடையே பரவிய கருத்து. நம்மவர்க்கு மீன் உணவும் தொழிலுமே ஆயிற்று, அதில் இன்பம் கண்டவர் அயலவரே என்பதும் அக்கருத்தின் உட்கிடை. இஃது எத்துணைப் பொருந்தும் என்பதையும், தூண்டில் வேட்டத்திற்கும் உடல், உள்ள நலங்களுக்கும் உள்ள தொடர்பு யாது என்பதையும் விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலப்பகுதியை நிலைக்களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் நீரும்

இன்று விழுப்புரம் மாவட்டம் என வழங்கும் பகுதி 1993-ஆம் ஆண்டு வரை தென்னார்க்காட்டு மாவட்டத்தின் ஒரு கூறாக இருந்தது. அதன் வடகீழ்ப்பகுதி பண்டு ஓய்மானாடு எனப் பெயர் பெற்றிருந்தது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் இந்நாட்டை ஆண்டவன். அவனுக்குரிய ஊர்களுள் ஒன்றாகிய கிடங்கில், இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதியாக விளங்குகின்றது. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. ஓய்மானாடு என்னும் பெயர் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் தொடர்ந்து வழங்கியது. திண்டிவனம் என்னும் பிற்காலப் பெயர் புளிய மரக்காட்டைச் சுட்டுவது. கிடங்கு என்னும் பழஞ்சொல்லோ அகழியையும் நீர் நிற்கும் குழியையும் குறிப்பது. ஒரே ஊரின் இரு பெயர்களுள் ஒன்று மரத்தையும் மற்றொன்று நீரையும் நினைவூட்டுதல் காண்க.

இந்நாட்டில் வற்றாத பேராறு இல்லை. தென்பெண்ணையும், செஞ்சிப் பக்கத்து மலைகளில் தோன்றிப் புதுவைக்கருகே கடலை அடையும் சங்கராபரணியும் மழைக்காலத்தில் மட்டுமே பெருகுவன. சங்கராபரணிக்கு வராக நதி என்னும் பெயரும் உண்டு. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களிற் பெய்யும் வடகீழ்ப்பருவ மழையைத் தேக்கி வைத்து ஆண்டு முழுதும் வாழவேண்டிய நிலம் இது. ஆகவே இங்கு ஊர் தோன்றிய இடமெல்லாம் ஏரியும் தோன்றிற்று. ஏரி தோன்றிய இடமெல்லாம் விராலும் கெளுத்தியும் கெண்டையும் குறவையும் பெருகின. தூண்டிலுக்கு இடம் அமைந்த வகை இதுவாகும்.

சிறுபாணாற்றுப்படையிற் கூறப்படும் விருந்துமுறை இந்நிலத்தின் இயல்பை நன்கு காட்டும். எயிற்பட்டினத்தை அடையும் பாணன் நுளையர் வழங்கும் கள்ளையும் சுட்ட குழல் மீனையும் பெறுவான். மருத நிலத்து ஆமூரை அடைபவன் வெண்சோற்றுடன் நண்டின் கலவையைப் பெறுவான். நெய்தலிலும் மருதத்திலும் விருந்தின் சிறப்பு நீர்வாழ் உயிர்களாலேயே அமைந்தது என்பது இதனாற் பெறப்படும்.

தூண்டிலும் பாணரும்

தூண்டில் பற்றிய விரிவான பழஞ்சான்று ஓய்மானாட்டை அடுத்த காஞ்சிப் பகுதிக்குரிய பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதன்கண் ஒரு பாண்மகனைக் காட்டுகின்றார். அவன் தோளில் இரை பெய்த தோற்பை தொங்குகின்றது. கையில் நீண்ட மூங்கிற்கழி. கழியின் நுனியில் கயிறு. கயிற்றின் முடிவில் வளைந்த வாயையுடைய இரும்பு முள். கழி, கயிறு, முள், இரை, இரைப்பை என்னும் ஐந்தும் இங்கு ஒருங்கே கூறப்படுகின்றன. இன்று ஏரிக்கரையில் இருப்பவன் கயிற்றுக்கு மாற்றாக நைலான் நரம்பையும் தோற்பைக்கு மாற்றாகப் பிளாஸ்டிக் டப்பாவையும் வைத்துள்ளான். தக்கையும் ஈயக்குண்டும் சேர்த்துக்கொள்வான். ஏனையவற்றிற் பெரிய வேறுபாடு இல்லை.

இக்காட்சியிற் கருதத்தக்க செய்தி வேறொன்றும் உண்டு. புலவர் பாடியது அகப்பட்ட மீனை அன்று. இரையைக் கவ்வித் தப்பிய வாளை மீனையே அவர் பாடினார். ஒருமுறை தப்பிய அம்மீன், பின்னர்க் கரையிலுள்ள பிரம்பின் நிழல் நீரில் அசைவதைக் கண்டும் தூண்டிற்கழியென எண்ணி அஞ்சுகின்றது. நெடுநேரம் நீர்க்கரையில் இருந்து நோக்கியவர்க்கன்றி இவ்வுண்மை புலப்படாது. உணவுக்காக மட்டும் மீனை நாடியவன், தப்பிய மீனின் அச்சத்தை எண்ணிப் பார்த்திருப்பான் என்று கொள்ளுதல் அரிது.

அகநானூற்று 36-ஆம் பாட்டில் நக்கீரர் காட்டும் காட்சி இதனினும் விரிந்தது. பெரிய ஆண் வரால் ஒன்று வளைந்த இரும்பிற் கோத்த இரையை விழுங்குகின்றது. ஆம்பல் இலை கிழியவும் குவளை மலர் சிதையவும் அது பாய்கின்றது. தூண்டில் வேட்டுவன் இழுக்கவும் வாராது, கயிறு பிணித்த சினமிக்க காளை போலக் குளத்தைக் கலக்குகின்றது. மீன் பிடிப்போனை வேட்டுவன் என்னும் சொல்லாற் குறித்ததும், மீனைக் காளையோடு உவமித்ததும் ஆழ்ந்து நோக்கத்தக்கன. காளையை அடக்குதல் தமிழர்க்கு வீர விளையாட்டு. அதன் நினைவு இங்குப் புலவர் உள்ளத்தில் எழுந்திருத்தல் கூடும். மேனாட்டார் தூண்டில் விளையாட்டின் உயிர்நாடியெனப் போற்றும் மீனோடு மல்லாடும் அப்பொழுதையே நக்கீரர் ஓவியமாக்கியுள்ளார்.

அகநானூற்று 216-ஆம் பாட்டில் ஐயூர் முடவனார் ஒரு பாண்மகளைக் காட்டுகின்றார். கயிறு கட்டிய மெல்லிய கோலால் அவள் வரால் பிடித்து, நறவுண்டிருக்கும் தந்தைக்கு விறகிற் சுட்டு ஊட்டுகின்றாள். தூண்டில் ஆடவர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது சான்று. ஐங்குறுநூற்று மருதப் பாடல்களில் பாண்மகளிர் மீனைக் கொடுத்து நெல்லைப் பெறுவர். எனவே பாணர்க்குத் தூண்டில் வயிற்றுப்பாட்டிற்குரிய கருவியாயிற்று என்பதை மறுத்தற்கில்லை. இந்நூல்களில் எவரும் 'பொழுதுபோக்காக மீன் பிடித்தான்' எனக் கூறப்படவில்லை என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. தூண்டில் ஏந்திய கை எத்தகையது? யாழ் மீட்டிய கையே அது. இசையாற் பிறரை மகிழ்விப்பதைத் தொழிலாகக் கொண்ட குடியினரே தூண்டிலையும் தம் கருவியாகக் கொண்டனர். நரம்பின் அதிர்வைச் செவியால் உணர்ந்தவர் கயிற்றின் அதிர்வை விரலால் உணர்ந்தனர். தொழில், ஓய்வு, இன்பம் என்னும் மூன்றும் அவர் வாழ்வில் தனித்தனிக் கூறுகளாகப் பிரிந்திருக்கவில்லை. பொழுதுபோக்கு என ஒன்றைத் தனியே பிரித்துப் பெயரிடும் தேவை பிற்காலத்திலேயே எழுந்தது என்பது என் துணிபு.

வேந்தர் விளையாட்டும் வெள்ளையர் விளையாட்டும்

மீன் பிடித்தலை வெளிப்படையாகவே பொழுதுபோக்கு வகையுட் சேர்த்த பழைய இந்திய நூல் மானசோல்லாசம் ஆகும். கல்யாணியைத் தலைநகராகக் கொண்ட மேலைச் சாளுக்கிய வேந்தன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதனை வடமொழியில் இயற்றினான். வேந்தர்க்குரிய வினோதங்களைக் கூறும் பகுதியில் மீன் வினோதத்திற்கென ஓர் இயல் உண்டு. மீன்களின் வகை, அவ்வவற்றிற்கேற்ற இரை, கோலும் கயிறும் அமைக்கும் முறை ஆகியன அதன்கண் உள. விலங்கியல் அறிஞர் சுந்தர் லால் ஹோரா 1951-இல் இவ்வியலை ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதிய பின்னரே இது பரவலாக அறியப்பட்டது. தூண்டில் விளையாட்டு ஆங்கிலேயர் கொணர்ந்தது என்னும் கருத்து இந்திய அளவிற் பொருந்தாமை இதனால் விளங்கும். எனினும், பாண்மகன் கையிலிருந்த கோல் இங்கு வேந்தன் கைக்கு மாறியமையும், வாழ்வொடு கலந்திருந்த இன்பம் அரண்மனை வினோதமாகத் தனித்து நின்றமையும் கருதற்குரியன.

ஆங்கிலேயர் காலத்தில் இப்பிரிவு மேலும் வலுத்தது. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பார் 1873-இல் 'தி ராட் இன் இந்தியா' என்னும் நூலையும், 1887-இல் 'டேங்க் ஆங்கிலிங் இன் இந்தியா' என்னும் நூலையும் வெளியிட்டார். பின்னது நம் ஏரி, குளங்களில் தூண்டிலிடும் கலையையே பொருளாகக் கொண்டது. அக்காலத்து ஆங்கில எழுத்துகளில் ஒரு போக்கைக் காணலாம். தம்மவர் தூண்டிலிடுதல் விளையாட்டு எனவும், ஊரார் மீன் பிடித்தல் நீர்வளத்தை அழிக்கும் செயல் எனவும் பிரித்து நோக்கும் போக்கே அது. வெடியும் நஞ்சும் இட்டு மீன் கொல்லுதலைத் தடுத்த 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் நன்மை பயந்ததே. ஆயினும் நீரைக் காக்கும் அறிவு ஊரார்க்கு இல்லை என்னும் எண்ணம் பொருந்தாது. சோழர் காலத்து உத்தரமேரூர்ச் சபை ஏரிக்கெனத் தனி வாரியம் அமைத்திருந்தது. மீன்பிடி உரிமையால் வரும் வருவாய் பாசிப்பாட்டம், மீன்பாட்டம் எனக் கல்வெட்டுகளில் வழங்கிற்று. அவ்வருவாயை ஏரியின் பராமரிப்புக்கே செலவிடும் வழக்கமும் இருந்தது. ஏரி தந்தது ஏரிக்கே திரும்பிற்று.

பாண்டி நாட்டுக் கண்மாய்களிற் கோடைக்காலத்தில் நடைபெறும் மீன்பிடித் திருவிழா ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. நீர் வற்றும் பருவத்தில் ஊர்ப் பெரியோர் குறிப்புக் கொடுத்தவுடன் பல ஊர் மக்களும் ஊத்தாவும் வலையும் கொண்டு ஒருசேர இறங்குவர். பிடித்த மீனை விற்காது வீட்டிற் சமைத்து உண்ணும் வழக்கமும் பல ஊர்களில் உண்டு. விளையாட்டும் உணவும் ஊர் ஒற்றுமையும் இங்குப் பிரியாது நிற்றல் காண்க.

நலத்தோடு உள்ள தொடர்பு

தூண்டிலையும் உடல்நலத்தையும் இணைத்துப் பேசிய மேனாட்டுப் பழநூல், 1496-இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் பற்றிய உரைநூலாகும். ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் பெண்மணியார் இதனை இயற்றியதாகக் கூறும் மரபு உண்டு. மகிழ்ந்த மனம், அளவான உழைப்பு, அளவான உணவு ஆகிய மூன்றுமே மருத்துவன் இல்லாதவனுக்கு மருத்துவம் என்று கூறி, இவற்றைத் தருவதில் தூண்டிலுக்கு நிகர் இல்லை என அந்நூல் வாதிடுகின்றது. 1653-இல் ஐசக் வால்டன் எழுதிய புகழ்பெற்ற நூலும் தூண்டிலைச் சிந்தனையாளரின் ஓய்வு என்றே குறிக்கின்றது. உணவின் அளவையே மருந்தெனக் கொண்ட திருக்குறளின் மருந்து அதிகாரத்தைக் கற்ற நமக்கு இக்கொள்கை புதியதன்று.

இக்கால அறிவியல் இதனை வேறு சொற்களாற் கூறுகின்றது. அறுவை மருத்துவம் பெற்றோருள் சாளரத்தின் வழியே மரங்களைக் காண வாய்த்தவர் செங்கற் சுவரைக் கண்டவரினும் விரைவில் நலம் பெற்றனர் என ரோஜர் உல்ரிக் 1984-இல் வெளியிட்டார். களைத்த கவனத்தை இயற்கையின் மென்மையான ஈர்ப்பு மீட்டுத் தரும் என்பது கப்லான் இணையரின் கோட்பாடு. நீர்மேல் ஆடும் தக்கையை நோக்கியிருப்பவன் நிலை அக்கோட்பாட்டிற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். அவன் விழிப்போடு இருக்கின்றான். ஆயினும் வருத்தி நினைப்பதில்லை. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோயுற்ற மகளிர்க்காக 1996-இல் 'காஸ்டிங் ஃபார் ரெகவரி' என்னும் அமைப்புத் தொடங்கப்பட்டது. தூண்டிலை வீசும் கையசைவு அறுவைக்குப் பின் தோளுக்கு வேண்டும் பயிற்சியை ஒத்தது என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. போரிற் காயமுற்ற வீரர்க்காக 2005-இல் 'புராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ்' தோன்றிற்று.

இவற்றைக் கொண்டு தூண்டில் நோய் தீர்க்கும் மருந்து என முடிவு கட்டுதல் பொருந்தாது. நலமுடையோரே ஏரிக்கு நடந்து செல்ல வல்லவர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். கழிவுநீர் கலந்த நீரில் எலிக்காய்ச்சல் முதலிய நோய்கள் பற்றுவதும், அத்தகைய நீரில் வளர்ந்த மீன் தீங்கு விளைப்பதும் உண்டு. எனவே கரையில் இருப்பவனது நலம் அவன்முன் உள்ள நீரின் தூய்மையைப் பொறுத்ததாகும்.

கொல்லாமை எழுப்பும் வினா

இன்பத்திற்காக ஓர் உயிரை வருத்தலாமா என்னும் வினாவை இந்நிலத்தில் எழுப்பாதிருத்தல் இயலாது. செஞ்சிக்கருகில் உள்ள திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் குறிக்கும் கல்வெட்டு உள்ளது. தமிழ்ச் சமணரின் தலைமை மடமாகிய மேல்சித்தாமூர் மடமும் இப்பகுதியிலேயே விளங்குகின்றது. சூதில் வென்ற பொருளை மீன் விழுங்கிய தூண்டில் முள்ளோடு உவமித்த திருவள்ளுவர், கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தவர். அவ்வுவமையில் அவர் மீனின் பக்கமே நின்று நோக்குகின்றார் என்பது கருதத்தக்கது.

இவ்வினாவுக்கு இலக்கியம் ஒரே விடை கூறவில்லை. உண்பதற்கு வேண்டியதைப் பிடித்த பாண்மகளும் இலக்கியத்தில் உள்ளாள். உண்ணாது நோற்றவரும் இந்நிலத்தில் உள்ளார். உண்ணவும் வேண்டாது எண்ணிக்கைப் பெருமைக்காகவே மீனைக் குவிப்பவனுக்கு இவ்விரு மரபிலும் இடமில்லை என்பது மட்டும் தெளிவு. பிடித்த மீனை ஊறின்றி நீரில் விடுதல், சிறுமீனைக் கொள்ளாமை, முட்டையிடும் பருவத்தில் தூண்டில் இடாமை ஆகிய நெறிகள் இன்று உலக அளவிற் பேசப்படுகின்றன. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பும் 2012-இல் பொழுதுபோக்கு மீன்பிடிக்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது.

இன்றைய நிலை

மழை நின்ற பின் மார்கழி, தை மாதங்களில் இப்பகுதியின் ஏரிக்கலங்கல்களிலும் மதகுகளின் அருகிலும் மாலை வேளையில் தூண்டிலோடு அமர்ந்திருப்போரைக் காணலாம். மண்புழுவே பெரும்பாலும் இரை. உழவரும் கூலி செய்வோரும் பள்ளி விட்ட சிறுவரும் அவருள் அடங்குவர். என்ன கிடைத்தது என வினவினால் பலர் வெறுங்கையை விரித்துச் சிரிப்பர். ஆயினும் மறுநாளும் வருவர். இச்சிரிப்பைத் தொழில் என்றும் விளையாட்டு என்றும் வகுத்தல் எளிதன்று. பாண்மகனின் வழித்தோன்றல் இவரே எனலாம்.

இவர்க்குரிய நீர்தான் குறைந்து வருகின்றது. திண்டிவனம் பகுதியில் 1959-இல் அமைந்த வீடூர் அணை 32 அடி நீர்மட்டமும் 605 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடையது. வண்டல் படிதல் அணைக்கும் ஏரிக்கும் பொதுவான குறை. மரக்காணத்தருகே உள்ள கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 5,000 எக்டேருக்கு மேற்பட்ட அந்நீர்ப்பரப்பு காக்கப்பட வேண்டியதே. அங்குத் தலைமுறையாக மீன் கொண்டோர் உரிமையையும் அதனோடு சேர்த்தே எண்ணுதல் முறையாகும். ஊர் ஏரிகள் பலவற்றின் மீன்பிடி உரிமை ஏலத்திற்கும் குத்தகைக்கும் விடப்படுகின்றது. ஒற்றைத் தூண்டிலோடு கரையில் அமர்பவன் குத்தகைதாரரின் கண்ணிற்குக் களவு செய்பவனாகத் தோன்றவும் கூடும். 1952-இல் இந்தியாவிற்குக் கொணரப்பட்ட ஜிலேபிக் கெண்டை பல நீர்நிலைகளில் நாட்டு மீன்களை ஒதுக்கிப் பெருகியுள்ளது. நக்கீரர் கண்ட வரால் பாய்வதற்கு ஆம்பலும் குவளையும் மண்டிய கயம் வேண்டும். ஆகாயத்தாமரை மூடிய ஏரியில் முள் நீரைத் தொடுவதே அரிது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். தூண்டிலில் இன்பம் காணுதல் அயலவரிடம் நாம் கற்ற வழக்கமன்று. சங்கப் புலவர் அதனை நுணுகி நோக்கிச் சுவைத்துள்ளனர். அவ்வின்பம் தொழிலினின்றும் பிரிந்து தனி விளையாட்டானது வேந்தராலும் வெள்ளையராலும் நேர்ந்த பிற்கால மாற்றம். தூண்டில் தரும் நலம் தூண்டிலில் இல்லை. அது பொது நீரிலும், அந்நீரின் கரையில் எவரும் அமரலாம் என்னும் உரிமையிலும் உள்ளது.

ஆகவே இப்பொழுதுபோக்கை வளர்க்க விரும்புவோர் விலையுயர்ந்த கோல்களையும் பந்தயங்களையும் நாடுமுன் ஏரியை நாடுதல் வேண்டும். மீன்பாட்டத்தை ஏரிக்கே செலவிட்ட பழைய முறையை இக்காலத்திற்கேற்பப் புதுப்பித்தலும், கரையின் ஒரு பகுதியைத் தூண்டிலிடுவோர்க்கெனப் பொதுவில் விடுத்தலும் செயற்கரியன அல்ல. ஓய்மானாட்டு ஏரிகளின் பெயர்கள், மீன் பெயர்கள், தூண்டில் உறுப்புகளுக்கு வழங்கும் வட்டாரச் சொற்கள் ஆகியன இன்னும் தொகுக்கப்பெறாது முதியோர் நாவில் மட்டும் வாழ்கின்றன. நீர் வற்றுமுன் அவற்றைத் திரட்டுதல் ஆராய்ச்சி மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.